மருந்துச் சீட்டைப் பொருள் உணர்ந்து வாசிப்பது எப்படி

நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டு குறைபாடு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்த நடுவயதினர் ஒருவரின் மருந்துச் சீட்டு இவ்வாறு இருக்கலாம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் 50 மைக்ரோகிராம். சிற்றுண்டிக்கு அரை மணி நேரம் முன்பு பான்டோபிரசோல் 40 மில்லிகிராம். சிற்றுண்டிக்குப் பின் அம்லோடிபின் 5 மில்லிகிராம். காலையிலும் இரவிலும் உணவோடு நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மில்லிகிராம். மதிய உணவுக்குப் பின் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். காய்ச்சலோ வலியோ வந்தால் மட்டும் பாராசிட்டமால் 650 மில்லிகிராம்.

ஒவ்வொரு மருந்தும் குடலில் எவ்வாறு உறிஞ்சப்படுகிறது, எங்கே சென்று வேலை செய்கிறது, எவ்வளவு நேரத்தில் உடலை விட்டு நீங்குகிறது என்பதைக் கொண்டே அதற்குரிய நேரம் சீட்டில் குறிக்கப்படுகிறது. காலை மாத்திரைகள் அனைத்தையும் உள்ளங்கையில் கொட்டிக் காப்பியோடு ஒரே மூச்சில் விழுங்கிவிடும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருப்பதற்குக் காரணம், இந்த நேரக் குறிப்புகளின் பின்னணியை யாரும் நமக்கு எடுத்துச் சொல்லாததுதான் என்று நான் கருதுகிறேன். மருந்தியலில் சில அடிப்படைச் சொற்களைத் தெரிந்துகொண்டால், மேற்கண்ட சீட்டின் ஒவ்வொரு வரிக்கும் உரிய காரணம் விளங்கிவிடும். எதையும் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ இந்த அறிவைப் பயன்படுத்தக் கூடாது; எழுதிக் கொடுத்ததைச் சரியாக உட்கொள்ளவும், மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும் இது உதவும்.

முதலில் பெயரையும் அளவையும் கண்டுகொள்ளுங்கள்

மாத்திரை அட்டையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று நிறுவனம் வைத்த வணிகப் பெயர். மற்றொன்று மருந்தின் மூலப்பெயர். நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது மூலப்பெயரையே. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் வணிகப் பெயர் மாறும். உள்ளே இருக்கும் பொருள் மாறாது. அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையும் வெளிக் கடையில் வாங்கிய மாத்திரையும் வெவ்வேறு நிறத்தில் இருப்பதைக் கண்டு, இரண்டும் வேறு மருந்துகள் என்று எண்ணி இரண்டையும் சேர்த்து விழுங்குவோர் உண்டு. மூலப்பெயரை ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த ஆபத்தைத் தவிர்த்துவிடலாம்.

மூலப்பெயரின் கடைசி எழுத்துகளே மருந்தின் குடும்பத்தைச் சொல்லிவிடும். எனலாபிரில், ராமிபிரில் என ‘பிரில்’ என்று முடிபவையும், லோசார்டன், டெல்மிசார்டன் என ‘சார்டன்’ என்று முடிபவையும், அம்லோடிபின் போல ‘டிபின்’ என்று முடிபவையும் இரத்த அழுத்தத்துக்கான வெவ்வேறு குடும்பங்கள். அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றவை இதயத் துடிப்பைக் குறைப்பவை. ‘ஸ்டாடின்’ கொழுப்புக்கு உரியது. ‘பிரசோல்’ வயிற்று அமிலத்துக்கு உரியது. ஒரே சீட்டில் ஒரே குடும்பத்தின் இரண்டு மருந்துகள் இருந்தால், அது வேண்டுமென்றே எழுதப்பட்டதா என்று கேட்டுத் தெளிவது நல்லது. இரண்டு வெவ்வேறு மருத்துவர்களிடம் சிகிச்சை பெறுவோருக்கு இந்த இரட்டிப்பு எளிதில் நேர்ந்துவிடும்.

அளவைப் படிக்கும்போது அலகின் மீது கண் நிலைக்க வேண்டும். 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமிலும், பெரும்பாலான பிற மாத்திரைகள் மில்லிகிராமிலும் எழுதப்படுகின்றன. குழந்தைகளுக்கான பாராசிட்டமாலில் இன்னும் கவனம் தேவை. சொட்டு மருந்தில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 100 மில்லிகிராம் இருக்கலாம். சிரப்பிலோ 5 மில்லிலிட்டருக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். சிரப்புக்குச் சொன்ன 5 மில்லிலிட்டர் அளவைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து கொடுத்துவிட்டால் குழந்தைக்கு 500 மில்லிகிராம் போய்விடும். சமையலறைக் கரண்டியை விடுத்து, புட்டியோடு வந்த அளவுக் குப்பியையோ ஊசியில்லாப் பீச்சானையோ மட்டுமே பயன்படுத்துங்கள். இன்சுலினிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1 மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட புட்டிக்கு 40 என்று குறிக்கப்பட்ட சிவப்பு மூடிச் சிரிஞ்சையும், 100 அலகு கொண்டதற்கு 100 என்று குறிக்கப்பட்ட ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும்.

சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு முறை, பி.டி. என்றால் இரு முறை, டி.டி.எஸ். என்றால் மும்முறை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்படும்போது மட்டும்.

நுழையும் வழியைப் பாருங்கள்

விழுங்கிய மாத்திரை இரைப்பையிலும் குடலிலும் கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலின் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்வதை உறிஞ்சப்படுதல் என்கிறோம். குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே மருந்தின் ஒரு பகுதி, உடல் முழுவதும் பரவுவதற்கு முன்பாகவே சிதைக்கப்பட்டுவிடும். இதனை முதல்கடப்புச் சிதைவு என்பர். உட்கொண்ட அளவில், குடலையும் கல்லீரலையும் தாண்டிப் பொது இரத்த ஓட்டத்தை எட்டும் பங்குக்கு உயிர்க்கிடைப்பு என்று பெயர். இரத்த நாளத்தின் வழியாகச் செலுத்தும் ஊசி மருந்துக்கு இது நூறு சதவீதம்; மெட்ஃபார்மின் மாத்திரைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 சதவீதம்.

நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரோகிளிசரினை விழுங்கினால் கல்லீரல் அதன் பெரும்பகுதியை அழித்துவிடும். நாக்குக்கு அடியில் வைத்தாலோ, அங்குள்ள மெல்லிய இரத்த நாளங்கள் வழியாகக் கல்லீரலைத் தொடாமல் இதயத்தை அடைந்து சில நிமிடங்களிலேயே வேலை செய்யும். ஆகவே நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்ன மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கக் கூடாது. இன்சுலின் ஒரு புரதம். வாய் வழியாகச் சென்றால் பருப்பைப் போலச் செரித்துப்போகும் என்பதால்தான் அதை ஊசியாகப் போடுகிறோம். ஆஸ்துமாவுக்கான சல்பியூட்டமால் இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் வருகிறது. அதே மருந்தின் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில் நாற்பது அழுத்தங்களின் மருந்து இருக்கிறது என்பதையும், இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போவதால் கை நடுக்கமும் படபடப்பும் குறைவாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இன்ஹேலர் ‘கடுமையானது’ என்ற அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்பது புரியும்.

இனி நம் சீட்டுக்கு வருவோம். லெவோதைராக்ஸின் எளிதில் உறிஞ்சப்படாத மருந்து. உணவும் காப்பியும் அதன் உறிஞ்சலைக் குறைக்கின்றன. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் அதனோடு குடலிலேயே பிணைந்து அதைப் பயனற்றதாக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு அளவு சீராகவே வரவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் முன், காலைக் காப்பியின் நேரத்தைப் பற்றி ஒரு முறை விசாரிப்பது பலருக்குப் பயன் தரும். பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைப்பதால் அதுவும் தைராய்டு மருந்தின் உறிஞ்சலைச் சிறிது பாதிக்கலாம். இரண்டையும் எடுத்துக்கொள்வதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் அளவை அமைத்துக்கொள்வார். டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக்கும் இவ்வாறே பாலிலும் கால்சியம் மாத்திரையிலும் உள்ள சுண்ணாம்புச்சத்தோடு பிணையும். அதை ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு விழுங்கி, சிறிது நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அது புண்ணாக்கிவிடும்.

மாத்திரையின் உறையும் காரணத்தோடுதான் அமைக்கப்பட்டிருக்கிறது. பான்டோபிரசோல் இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடும் தன்மை உடையது. ஆகவே குடலை அடைந்த பின்பே கரையும் உறை அதற்கு உண்டு. ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் மாத்திரையிலும் பெரும்பாலும் இந்த உறை இருக்கும். எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகள், மருந்து பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிவரும்படி செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும். இவற்றைப் பொடித்தால் நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒரே நேரத்தில் வெளியேறிவிடும். முதியவருக்கு விழுங்கச் சிரமம் இருந்தால் பொடித்துத் தராமல், மருத்துவரிடம் வேறு வடிவத்தைக் கேளுங்கள். நீடித்து வெளிவரும் சில மெட்ஃபார்மின் மாத்திரைகளின் வெற்றுக் கூடு மலத்தில் தென்படுவதுண்டு. மருந்து உறிஞ்சப்பட்ட பின் எஞ்சிய உறைதான் அது, அஞ்ச வேண்டியதில்லை.

மருந்து எதைத் தொடுகிறது

இரத்தத்தில் சேர்ந்த மருந்து உடல் முழுவதும் பரவுகிறது. தலைவலி மாத்திரை தலையைத் தேடிப் போவதில்லை. கால் விரலுக்கும் அதே மருந்து போகிறது. அது எந்தப் புரதத்தோடு பிணைய முடியுமோ அந்தப் புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் விளைவு தோன்றுகிறது. செல்லின் மேலோ உள்ளேயோ இருந்து செய்தியைப் பெறும் புரதத்தை ஏற்பி என்கிறோம். ஜான் நியூபோர்ட் லாங்லி என்னும் ஆங்கில உடலியல் அறிஞர் 1905-ஆம் ஆண்டிலேயே, செல்லில் மருந்தை ஏற்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று கருதினார்.

ஏற்பியோடு பிணைந்து அதைச் செயல்பட வைக்கும் மருந்துக்கு இயக்கி என்று பெயர். சல்பியூட்டமால் அத்தகையது, மூச்சுக்குழல் தசையின் பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டிக் குழலை விரியச் செய்கிறது. ஏற்பியில் அமர்ந்துகொண்டு, உடலின் இயற்கையான செய்தியை உள்ளே விடாமல் தடுக்கும் மருந்துக்குத் தடுப்பி என்று பெயர். ஜேம்ஸ் பிளாக் 1960-களில் உருவாக்கிய புரோப்பிரனலால் இவ்வகையில் புகழ்பெற்றது. அட்ரினலின் இதயத்தை விரட்டுவதை அது தடுக்கிறது. இந்தப் பணிக்காகவும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் பணிக்காகவும் அவர் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த இரண்டு சொற்களும் தெரிந்தால் ஒரு முக்கியமான முரண் விளங்கும்: ஆஸ்துமாக்காரர் ஒருவருக்குப் புரோப்பிரனலால் கொடுத்தால், மூச்சுக்குழலைத் திறக்கும் ஏற்பிகளையே அது அடைத்துவிடும். எனவே இரத்த அழுத்தத்துக்கோ நடுக்கத்துக்கோ மருந்து எழுதும் மருத்துவரிடம் ஆஸ்துமா இருப்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

எல்லா மருந்துகளும் ஏற்பியைத்தான் தொடுகின்றன என்பதில்லை. அம்லோடிபின், இரத்த நாளச் சுவரின் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாயில்களை அடைக்கிறது. தசை தளர்ந்து நாளம் விரிகிறது, அழுத்தம் குறைகிறது. ஆஸ்பிரின் ஒரு நொதியை முடக்குகிறது. பான்டோபிரசோல், அமிலத்தைச் சுரக்கும் புரத எக்கிகளோடு மீளாதபடி பிணைகிறது. உணவு உண்ணும்போதுதான் இந்த எக்கிகள் பெருமளவில் விழித்து வேலை செய்யத் தொடங்கும். விழித்த எக்கியைத்தான் மருந்தும் பிடிக்கும். சாப்பிட்டு முடித்த பின் நெஞ்செரிச்சலுக்காக இதை விழுங்குவதால் உரிய பலன் கிடைக்காது என்பதும், அரை மணி நேரம் முன்னதாக என்று எழுதுவதன் காரணமும் இதுவே.

ஆன்டிபயாட்டிக்குகள் தனி வகை. அவை தொட வேண்டியது நம் செல்லை அன்று, பாக்டீரியாவை. அமாக்சிசிலின் பாக்டீரியாவின் செல் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. வைரசுக்கு அத்தகைய சுவரே கிடையாது. சாதாரணச் சளிக்கு அமாக்சிசிலின் பயன் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

கல்லீரலும் சிறுநீரகமும்

உடல் எந்த மருந்தையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. கல்லீரலின் நொதிகள் மருந்தை வேறு வேதிப்பொருளாக மாற்றுவதை வளர்சிதை மாற்றம் என்றும், சிறுநீர், பித்தம் முதலியவற்றின் வழியே அது நீங்குவதை வெளியேற்றம் என்றும் சொல்கிறோம். மெட்ஃபார்மின் கல்லீரலில் மாறாமல், அப்படியே சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அது உடலில் தேங்கும். சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண் 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைத் தரக் கூடாது. நீரிழிவு நோயாளிக்கு அவ்வப்போது, இந்த எண்ணைக் கணக்கிட உதவும் கிரியேட்டினின் பரிசோதனை எழுதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். சர்க்கரை அளவு மட்டும் பார்த்தால் போதும் என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

சில மருந்துகள் கல்லீரலுக்குச் சென்ற பின்பே செயல்படும் வடிவத்தைப் பெறுகின்றன. இவற்றை முன்மருந்து என்பர். எனலாபிரிலும், இதய அடைப்புக்குப் பின் கொடுக்கும் குளோபிடோகிரெலும் இத்தகையவை. குளோபிடோகிரெலைச் செயல்பட வைக்கும் நொதியை ஒமிப்பிரசோல் தடுப்பதால், அதனோடு சேர்த்து அமில மருந்து தேவைப்படும்போது மருத்துவர்கள் பான்டோபிரசோலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் ‘வாயு மாத்திரைதானே’ என்று கடையில் மாற்றி வாங்கக் கூடாது.

நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்கான சான்றுகளுள் சில சென்னையிலிருந்து கிடைத்தவை. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், காசநோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை அளிப்பது, மருத்துவமனையில் சேர்த்து அளிப்பதற்கு இணையானது என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டியது. அதே மையம் ஐசோனியாசிட் மருந்தை விரைவாகச் சிதைப்போரையும் மெதுவாகச் சிதைப்போரையும் பிரித்து ஆராய்ந்தது; வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்தபோது விரைவாகச் சிதைப்போருக்குப் பலன் குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட அளவு உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணக் கூடாது என்பதற்கு இது அறிவியல் அடிப்படை. இன்று அந்த மையம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இயங்குகிறது. காசநோய்க்கான மற்றொரு மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைப் பெருக்கி, பிற மருந்துகளை விரைவில் அழியச் செய்கிறது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண், ரிஃபாம்பிசின் தொடங்கும்போது வேறு கருத்தடை முறையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியது அவசியம்.

பாராசிட்டமாலைப் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கல்லீரல் அதன் பெரும்பகுதியைத் தீங்கற்ற பொருளாக மாற்றி வெளியேற்றுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதைக் கல்லீரலில் இருக்கும் குளுட்டதயோன் உடனுக்குடன் முறித்துவிடும். அளவு மிகும்போது குளுட்டதயோன் தீர்ந்துபோக, நச்சுப் பொருள் கல்லீரல் செல்களையே தாக்குகிறது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராம் மேல் எல்லை. 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு. தொடர்ந்து மது அருந்துவோருக்கும், உடல் மெலிந்தோருக்கும், கல்லீரல் நோய் உள்ளோருக்கும் இந்த எல்லை இன்னும் தாழ்வு. சளிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது என்பதை மூலப்பெயர் பட்டியலைப் பார்த்து உறுதி செய்த பிறகே இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். அளவு மீறியவருக்கு முதல் நாளில் பெரிய அறிகுறி எதுவும் தோன்றாமல் இருக்கலாம். அதை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அசிட்டைல்சிஸ்டீன் என்னும் முறிவு மருந்து, சீக்கிரம் கொடுக்கும்போதே மிகுந்த பலன் தரும்.

அரை ஆயுட்காலம்

இரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் நேரமே அதன் அரை ஆயுட்காலம். ஓர் அரை ஆயுட்காலத்தில் 50 சதவீதமும், இரண்டில் 25 சதவீதமும், மூன்றில் 12.5 சதவீதமும், ஐந்தில் ஏறத்தாழ 3 சதவீதமும் எஞ்சும். ஐந்து அரை ஆயுட்காலங்களில் மருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

இதே கணக்கு மறுதிசையிலும் பொருந்தும். அடியில் சிறு துளையுள்ள தொட்டியில் தினமும் ஒரு குடம் நீரை ஊற்றினால், நீர்மட்டம் உயர உயர ஒழுகுவதும் மிகுந்து, ஒரு கட்டத்தில் ஊற்றும் அளவும் ஒழுகும் அளவும் சமமாகிவிடும். மருந்திலும் இவ்வாறு வரவும் செலவும் சமமாகும் நிலையைச் சமநிலை அளவு என்கிறோம். அதை எட்டவும் நான்கு முதல் ஐந்து அரை ஆயுட்காலங்கள் ஆகும். அம்லோடிபினின் அரை ஆயுட்காலம் 30 முதல் 50 மணி நேரம். நாளுக்கு ஒரு மாத்திரை போதும் என்பதும், சமநிலையை எட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும். தொடங்கிய இரண்டாம் நாளே அழுத்தத்தை அளந்து பார்த்து, ‘இந்த மாத்திரை எனக்கு வேலை செய்யவில்லை’ என்று முடிவு செய்வது அவசரம். லெவோதைராக்ஸினின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 7 நாள்; அளவை மாற்றிய ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே, தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனைக்கு எழுதுவது இதனால்தான். இரண்டு வாரத்தில் பார்த்தால் மாற்றத்தின் முழு விளைவு தெரியாது, பணம்தான் வீணாகும்.

ஆன்டிபயாட்டிக்குகளில் இந்த வேறுபாடு நன்கு தெரியும். அமாக்சிசிலினின் அரை ஆயுட்காலம் சுமார் ஒரு மணி நேரமே. பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் அளவுக்குக் கீழே அது இறங்கிவிடாமல் இருக்க, எட்டு மணிக்கு ஒரு முறை கொடுக்க வேண்டியிருக்கிறது. மும்முறை எழுதியதைக் காலை, மதியம், மாலை என்று பகலுக்குள் நெருக்கிவிட்டு, இரவு முழுவதும் இடைவெளி விடுவது சரியன்று. அசித்ரோமைசினோ திசுக்களில் பல நாள் தங்கும். அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 68 மணி நேரம். நாளுக்கு ஒன்றாக 3 அல்லது 5 நாள் கொடுத்து நிறுத்தினாலும் அதன் பிறகும் மருந்து உள்ளே இருக்கும். ஒன்றைக் குறுகிய நாள் கொடுப்பதால் மற்றதையும் மூன்று நாளில் நிறுத்தலாம் என்று கொள்ளக் கூடாது.

அரை ஆயுட்காலமும் விளைவு நீடிக்கும் காலமும் ஒன்றே என்றும் எண்ணிவிடாதீர்கள். ஆஸ்பிரின் இரத்தத்தில் இருப்பது மிகக் குறுகிய நேரம். அதன் அரை ஆயுட்காலம் 15 முதல் 20 நிமிடம். ஆயினும் அந்த நேரத்துக்குள் இரத்தத் தட்டணுக்களின் நொதியை மீளாதபடி முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால் புதிய நொதியை உருவாக்கிக்கொள்ள அதனால் இயலாது. அது வாழும் 7 முதல் 10 நாள் வரை முடங்கியே கிடக்கும். அறுவைச் சிகிச்சைக்கும் பல் பிடுங்குவதற்கும் முன் ஆஸ்பிரின் எடுப்பதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பதும், அதை நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்பதும் இதனாலேயே. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபெனைத் தாமாக வாங்கி முன்னதாக விழுங்கினால், ஆஸ்பிரின் அமர வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொண்டு, கிடைக்க வேண்டிய பாதுகாப்பைக் குறைத்துவிடும்.

ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. அம்லோடிபின் போன்று நீண்ட நேரம் தங்கும் மருந்தை அன்றே நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். எந்த மருந்தாயினும் தவறியதற்கு ஈடாக இரட்டை அளவு எடுக்கக் கூடாது. வலிப்பு மருந்து, இன்சுலின், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றுக்கு இந்தப் பொது விதியை நம்பாமல், மறந்தால் செய்ய வேண்டியதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயன் தரும் அளவும் தீங்கு தரும் அளவும்

பலன் கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கும், நச்சாக மாறும் அளவுக்கும் இடையிலான வெளியைச் சிகிச்சை எல்லை என்கிறோம். அமாக்சிசிலினுக்கு அது அகலமானது. வார்ஃபரின், அசினோகூமரால், இதயத்துக்கான டிகாக்சின், மனநலத்துக்கான லித்தியம், வலிப்புக்கான ஃபெனிடாயின் ஆகியவற்றுக்கு மிகக் குறுகியது. சிறிது குறைந்தால் பயனில்லை, சிறிது கூடினால் ஆபத்து. வார்ஃபரினும் அசினோகூமராலும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. ஆகவே இம்மருந்துகளை எடுப்பவர் கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் உண்ணும் அளவைச் சீராக வைத்துக்கொண்டு, இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைக் குறித்த நாளில் செய்ய வேண்டும்.

பக்கவிளைவும் ஒவ்வாமையும் வேறு வேறு. பக்கவிளைவு பெரும்பாலும் மருந்தின் செயலிலிருந்தே கிளைப்பது: அம்லோடிபின் நாளங்களை விரிப்பதால் கணுக்கால் வீங்கலாம், எனலாபிரில் வகை மருந்துகளால் வறட்டு இருமல் வரலாம். இந்த இருமலுக்கு மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்போர் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் ‘சார்டன்’ குடும்பத்துக்கு மாற்றித் தருவார், இருமலும் நின்றுவிடும். ஒவ்வாமையோ உடலின் எதிர்ப்பாற்றல் மருந்தை எதிரியாகக் கருதுவதால் வருவது. மிகச் சிறிய அளவிலும் தோன்றும். உடல் முழுதும் தடிப்பு, உதடு அல்லது முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் அடுத்த வேளை மருந்தை எடுக்காமல் 108-ஐ அழையுங்கள். பிறகு அந்த மருந்தின் மூலப்பெயரை ஒரு தாளில் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள்.

மருந்தினால் ஏற்பட்ட தீங்கை நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கவும் வழி உண்டு. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருந்தின் பெயர், தொகுதி எண், எடுக்கத் தொடங்கிய நாள், அறிகுறி தோன்றிய நாள், அதே காலத்தில் எடுத்த பிற மருந்துகள், நாட்டு மருந்தும் கஷாயமும் உட்பட, ஆகிய விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் பல அட்டைகளில் ஒரு முனையில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், மாத்திரைகளை எப்போதும் எதிர்முனையிலிருந்து எடுத்துவந்து, எழுத்துள்ள முனையைக் கடைசி மாத்திரை வரை வெட்டாமல் வைத்திருங்கள்.